பாம்பன் பாலத்தில் மூச்சிளைக்கும் டீசல் கார்

உங்கள் வண்டி 2011-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டிசையர் டீசல். 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓராண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்து, இப்போது நான்கு பேர் ஏறினால் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்றும், மிதியை முழுவதும் அழுத்தினால் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை வருகிறது என்றும், ஆனாலும் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காட்டிய பட்டறையில் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே டர்போ போய்விட்டது, மாற்ற 35,000 ரூபாய் ஆகும் என்று சொன்னார்களாம். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. அதை மாற்றலாமா என்பது கேள்வி. இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டர்போ கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு டர்போவைவிட நன்றாகப் பொருந்துகிற, செலவும் மிகக் குறைவான காரணங்கள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றை விலக்காமல் டர்போவில் கை வைத்தால் பணம் போகும், பழுது அப்படியே நிற்கும். மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின்களில் தொழில் பழகி, பிறகு ராமநாதபுரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டீசல் கார்களைப் பார்த்தவன் என்ற முறையில், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பழுது ஏன் பாலத்தில் மட்டும் தெரிகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் மாவட்டம் கைத்தளம் போன்ற சமநிலம். பரமக்குடியிலிருந்து மண்டபம் வரை நெடுஞ்சாலையில் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்படிப்பட்ட சாலையில் 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போக உங்கள் வண்டிக்கு 10 பிஎஸ் சக்திகூடத் தேவைப்படாது. இன்ஜினின் முழுச் சக்தியோ 75 பிஎஸ். ஆகையால் அதில் பாதி காணாமல் போனாலும் உச்சிப்புளிக்குப் போய்வருகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமோ, கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டது. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயரும் ஏற்றமாக இருந்தாலே அதே வேகத்துக்குத் தேவைப்படும் சக்தி இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும். எதிர்காற்றும் நான்கு ஆட்களும் சேர்ந்தால் இன்னும் கூடும். எனவே பழுது ஓராண்டுக்கு முன் தொடங்கியது என்று நீங்கள் நினைத்தாலும், அது அதற்கும் முன்பே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சோதனை ஓட்டத்தைப் பாலத்தின் மேல் செய்யாதீர்கள். கடல் பார்க்க வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். விடியற்காலையில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே இடத்தில், அதே ஆட்களோடு அளந்தால் முன்னேற்றம் மனப்பிரமையா உண்மையா என்று தெரிந்துவிடும்.

அடுத்ததாக, குறைந்திருப்பது இன்ஜினின் சக்திதானா என்று பார்க்க வேண்டும். கரையோர வண்டிகளில் இதை நான் முதலில் பார்ப்பதற்குக் காரணம் உப்பு. பிரேக் கேலிப்பரின் பின்கள் துருவேறி இறுகிவிட்டால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பின் சக்கர டிரம்மில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது அதைவிடச் சாதாரணம். வீட்டு வாசலில் இரவெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துகிறவர்களுக்கு இது வரும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் வண்டியை நிறுத்தி, நான்கு வீல்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. கிளட்ச் நழுவுகிறதா என்பதை அறிய, நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது மிதியை முழுவதும் அழுத்துங்கள், ஆர்.பி.எம். முள் மளமளவென்று ஏறி வேகம் மட்டும் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. உங்கள் வண்டியில் கரும்புகை இருப்பதால் முக்கியப் பழுது இவற்றில் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் இரண்டு பழுதுகள் ஒரே வண்டியில் இருக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை.

இனி இன்ஜினுக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் மிதி என்பது காற்றைத் திறந்துவிடும் கதவு. டீசலில் அது எரிபொருளைக் கேட்கும் கை. எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறதோ அவ்வளவு சக்தி. ஆனால் அந்த டீசல் முழுவதும் எரியப் போதுமான காற்று உள்ளே இருந்தாக வேண்டும். காற்று போதாமல் டீசல் இறங்கினால், எரியாத கரி புகையாக வெளியே வரும். டீசலே போதாமல் போனால் புகை வராது, சக்தி மட்டும் குறையும். ஆகவே சக்தி குறைந்த எந்த டீசல் வண்டியிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பின்னால் புகை வருகிறதா, என்ன நிறம் என்பதுதான். கறுப்பு என்றால் காற்றுப் பக்கம் போக வேண்டும். புகையே இல்லை என்றால் எரிபொருள் பக்கமும் சென்சார் பக்கமும் போக வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் ஆவியாகிப் போகிறது அல்லது குளிர்நீர் உள்ளே கசிகிறது. இன்ஜெக்டர் முனை தேய்ந்து டீசலைத் தூவாமல் சொட்டினாலும் கரும்புகை வரும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அதனோடு பெரும்பாலும் ஐடிலிங்கில் ஒரு தட்டும் ஓசையும் நடுக்கமும் சேர்ந்து வரும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கரும்புகை, குறைந்த இழுவை, எரியாத விளக்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் என் சந்தேகம் முதலில் போவது டர்போவிலிருந்து, சூடான அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களின் மேல்தான். ஏர் ஃபில்டரை அடுத்து உள்ள ஏர் ஃப்ளோ சென்சார், உள்ளே வரும் காற்றை எடைபோட்டு இசியு என்னும் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்கிறது. கணினி அந்தக் கணக்கை வைத்தே இவ்வளவு டீசல் வரை பீய்ச்சலாம் என்று உச்சவரம்பு வைக்கிறது. ஹோஸ் அந்த சென்சாருக்கு அப்பால் கிழிந்திருந்தால், கணக்கில் வந்த காற்று வழியிலேயே வெளியேறிவிடும். கணினியோ காற்று வந்துவிட்டது என்று நம்பி அதற்கேற்ற டீசலைக் கொடுக்கும். கணக்கில் இருக்கும் காற்று சிலிண்டரில் இல்லை; அந்தக் குறைதான் கரும்புகையாக வெளிவருகிறது. கிழிசல் சிறியதாக இருந்தால் கணினி அதைப் பழுது என்று முடிவு செய்யும் எல்லையை எட்டாது; அதனால் விளக்கும் எரியாது. டர்போவின் துணை இல்லாவிட்டால் 1,248 சி.சி. இன்ஜின், தன் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டரில் பாதியைக்கூடத் தராது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

ஆனாலும் ஹோஸுக்குப் போகும் முன், காற்று நுழையும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் என்னுடைய பழைய தவறு ஒன்று. கீழக்கரையில் ஒரு வண்டி, உரிமையாளர் வெளிநாட்டில் இருந்ததால் ஏழெட்டு மாதம் நின்ற இடத்திலேயே கிடந்தது. வந்து எடுத்தபோது இழுக்கவில்லை, புகை. நின்ற வண்டி ஆயிற்றே, டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று நானாகவே முடிவு கட்டி டேங்கைக் கழுவினேன், ஃபில்டரை மாற்றினேன், இன்ஜெக்டர்களைக் கழற்றி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினேன். எல்லாம் முடிந்தும் பயனில்லை. கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், கருவேலங் குச்சியும் சாக்கு நாரும் வைத்து எலி ஒன்று உள்ளே குடும்பம் நடத்தியிருந்தது. நான்கு ஸ்க்ரூவில் முடிய வேண்டிய வேலைக்கு அவருடைய விடுமுறையில் ஐந்து நாளைத் தின்றுவிட்டேன். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.

தனுஷ்கோடிச் சாலைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஏர் ஃபில்டர் விஷயத்தில் கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியை நம்பக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தச் சாலையின் குறுக்கே மணல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபில்டர் தாளில் அது அடைத்துக்கொள்வது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, விலை குறைவு என்று வாங்கும் போலி ஃபில்டரின் ஓர ரப்பர் பெட்டியில் சரியாகப் பொருந்தாமல், அந்த இடுக்கு வழியாக மணல் உள்ளே போவது. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் டர்போவின் கம்ப்ரசர் இறக்கைகளை மணல் துகள் அரம் போல் அராவிவிடும். பெட்டியின் சுத்தமான பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் அந்த ஃபில்டரைத் தூக்கி எறியுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் நனைத்து உலர விடலாம். துணியாலோ விரலாலோ தொடுவதும், கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சுவதும் அதன் மெல்லிய படலத்தை உடைத்துவிடும்.

இப்போது ஹோஸ். கழற்றாமல் மேலே பார்த்தால் போதாது, ஏனென்றால் இவை பெரும்பாலும் அடிப்பக்கத்தில், வளைவில், கிளாம்ப் இறுகும் விளிம்பில் கிழியும். இன்ஜின் நின்றிருக்கும்போது கிழிசல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் சுவாசத்தோடு வரும் ஆயில் ஆவி சிறிதளவு இந்தக் குழாய்களில் எப்போதும் இருக்கும் என்பதால், கசியும் இடத்தில் எண்ணெய் கலந்த கறுப்பு அழுக்கு படிந்திருக்கும். அதுவே முதல் துப்பு. உறுதியாகத் தெரிந்துகொள்ள, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த அளவுக்குப் பொருந்தும் பிவிசி மூடியில் பழைய டியூப்பின் வால்வைப் பொருத்தி, டர்போவின் வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, காற்றடிக்கும் பம்பால் மெல்ல அழுத்தம் கொடுக்கலாம். ஒரு பாருக்கு, அதாவது டயர் கடைக்காரர் கணக்கில் சுமார் 15 பவுண்டுக்கு, மேல் போகாதீர்கள். பிறகு எல்லா மூட்டுகளிலும் சோப்பு நீரைத் தெளித்தால், பஞ்சர் பார்ப்பது போலவே குமிழி காட்டிக்கொடுக்கும். காற்று இன்ஜினுக்குள் திறந்திருக்கும் வால்வுகள் வழியாக மெல்ல இறங்குவது இயல்பு. ஆயில் குச்சிக் குழாயில் சற்றே ஊதுவதைக் கண்டு பதற வேண்டாம். இன்டர்கூலரையும் விடாமல் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்வதும், பக்கவாட்டுத் தொட்டி சேரும் விளிம்பில் கசிவதும் நம் கரையில் நான் அடிக்கடி காண்பவை.

குமிழி எதுவும் வரவில்லை என்றால் அளவீடுதான் வழி. வண்டியின் கணினி சொல்லும் எண்களைப் படிக்க, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இஎல்எம் 327 வகைக் கருவியைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்க்கலாம். அது உங்கள் வண்டியோடு பேச மறுத்தால், ஸ்கேனர் உள்ள பட்டறையில் பழுதுக் குறியீடுகளை மட்டும் படித்து அனுப்பாமல் ஓடும்போது எண்களைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். முதலில், இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, இன்டேக் அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். எனவே அது 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 90 என்றோ 110 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, மற்ற எதையும் நம்ப முடியாது. மலையூர்க்காரர்களுக்குக் கிடைக்காத இலவச அளவுகோல் இது.

அடுத்து மூன்றாம் கியரில் 3,000 ஆர்.பி.எம். அளவில் மிதியை முழுவதும் அழுத்தியபடி இரண்டு எண்களைக் குறிக்க வேண்டும்: இன்டேக் அழுத்தம் ஒன்று, வினாடிக்கு எத்தனை கிராம் காற்று என்பது மற்றொன்று. என்ன வர வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 3,000 ஆர்.பி.எம்.மில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து வினாடிக்கு 100 முறை மூச்சிழுக்கின்றன. ஒரு சிலிண்டர் 312 சி.சி. என்பதால் அது வினாடிக்கு 31 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிராம், சிலிண்டர் ஒருபோதும் முழுவதும் நிரம்பாது என்பதைக் கழித்தால், டர்போ இல்லாமல் சுமார் 30 கிராம் வரும். டர்போ அழுத்தத்தை 200 கிலோபாஸ்கலுக்கு ஏற்றினால், காற்று சூடாவதால் ஏற்படும் இழப்பு போக 50-க்கு மேல் வர வேண்டும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் விடை இருக்கிறது. காற்று நிறையப் போகிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை என்றால் நடுவில் கசிவு. காற்றும் 30-ஐ ஒட்டி நிற்கிறது, அழுத்தமும் ஏறவில்லை என்றால் டர்போ வேலை செய்யவில்லை, அல்லது உள்வழியோ வெளிவழியோ அடைபட்டிருக்கிறது. அழுத்தம் நன்றாக ஏறுகிறது, காற்றின் அளவு மட்டும் குறைவு என்றால் ஏர் ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது, அல்லது இஜிஆர் வால்வு மூடாமல் நின்று, புதுக் காற்றின் இடத்தைப் புகை அடைத்துக்கொள்கிறது.

இஜிஆர் வால்வு என்பது வெளியேறும் புகையில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே அனுப்பி, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு. முழு மிதியில் அது மூடிவிட வேண்டும். ராமேசுவரம் தீவுக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் இரண்டாம் மூன்றாம் கியரில் உருண்டுகொண்டிருக்கும் வண்டிகளில், புகைக் கரியும் ஆயில் ஆவியும் குழைந்து தார் போல் படிந்து, வால்வு பாதியில் சிக்கிக்கொள்ளும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் துவாரமே சுருங்கிப்போவதும் உண்டு. பரமக்குடியிலிருந்து மதுரை வரை நான்குவழிச் சாலையில் விரட்டினால் கரியெல்லாம் போய்விடும் என்று சொல்வார்கள். டர்போவின் வெப்பமான பக்கத்தில் ஒட்டிய உலர்ந்த கரிக்கு அதில் ஓரளவு பலன் உண்டு. மேனிஃபோல்டில் படிந்த தாருக்குப் பலன் இல்லை. அதைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும். கழற்றாமல் இன்ஜின் ஓடும்போது காற்றுக் குழாய்க்குள் மண்ணெண்ணெயோ கிளீனரோ ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள். டீசல் இன்ஜினுக்கு உள்ளே வரும் எரியக்கூடிய எதுவும் எரிபொருளே. சாவியை அணைத்தாலும் நிற்காமல் கட்டுமீறிச் சுற்றி உடைந்துபோன இன்ஜினை நான் பார்த்திருக்கிறேன். கழுவிய பாகங்களையும் முழுக்க உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். வால்வைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று சொல்கிறவர்களுக்கும் செவிகொடுக்க வேண்டாம்; அது மாசு விதிகளுக்குப் புறம்பானது.

வெளிவழி அடைப்பு குறைவாகவே வரும், ஆனால் வந்தால் எல்லோரையும் ஏமாற்றும். சைலன்சர் வரிசையில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டு உட்பகுதி உருகியோ உடைந்தோ குறுக்கே விழுந்தால், புகை வெளியேற முடியாமல் டர்போவே சுற்றாது. துருவேறிய சைலன்சரின் உள்தட்டு கழன்று வழியை அடைப்பதும் கரையோரத்தில் உண்டு. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள மூட்டைத் தளர்த்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் இழுவை திரும்பிவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் டர்போ. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட். அதன் கம்பி கீல் துருவேறித் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால், நல்ல டர்போவும் காற்றடிக்காது. உங்களுடையதைவிடச் சக்தி கூடிய 90 பிஎஸ் வகை இன்ஜின்களில் இறக்கைக் கோணத்தை மாற்றும் டர்போ இருக்கிறது. வேக்குவம் கொண்டு அதை இயக்கும் வண்டிகளில் சன்னமான ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தாலே இழுவை முழுவதும் போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் டர்போவின் வாயைத் திறந்து, அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது ஆயில் படலத்துக்கான இடைவெளி, அது பழுதல்ல; இதைக் காட்டித்தான் பல நல்ல டர்போக்கள் குப்பைக்குப் போகின்றன. முன்னும் பின்னும் கையால் உணரும்படி அசைந்தாலோ, இறக்கை நுனி உறையை உரசிய தடம் இருந்தாலோ, இறக்கை முறிந்திருந்தாலோ, உள்ளே ஆயில் தேங்கி நின்றாலோதான் அது போய்விட்டது என்று சொல்லலாம்.

கரும்புகை இல்லாமல் இழுவை மட்டும் குறைந்த வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சில வரிகள். டீசல் ஃபில்டர் அடைத்தால் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது; நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது திடீரென்று சக்தி அறுந்து, சாவியை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். ஸ்கேனரில் பி0087 என்ற பழுதுக் குறியீடு இருந்தால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்று பொருள். உடனே ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் டீசல் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று நுழைவு, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் (பீய்ச்சாமல் திரும்பிவரும் டீசல்) அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரிட்டர்ன் குழாய்களை நான்கு பாட்டில்களில் விட்டு இன்ஜினை ஓட்டினால், ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வெகுவேகமாக நிறையும். அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைக் கசியவிடுகிறது. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று பலமாக உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் காற்றுத் துளை புழுதியால் அடைந்திருக்கிறது. இரும்பு டேங்க் உள்ள பழைய சுமோ, அம்பாசிடர் போன்றவற்றைக் கால் டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், நம் ஈரக் காற்று உள்ளே நீராக வடிந்து துருவைக் கிளப்பும். படகுக்கு வாங்கிய பேரல் டீசலில் மிச்சத்தைக் காரில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரைப் படகின் பெரிய இன்ஜின் பொறுத்தாலும், ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர் பொறுக்காது.

கணினி இல்லாத மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்குச் சோதனை இன்னும் எளிது. மிதியை ஒருவர் முழுவதும் அழுத்தி வைத்திருக்க, பம்பின் லீவர் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோயிருந்தால் தொடாது. ஒரு நட்டைத் திருகினால் போனதாக நினைத்த சக்தி திரும்பிவிடும். அதன் பிறகு வால்வு இடைவெளி, பம்ப் டைமிங் என்று போகலாம்.

எதைச் செய்தும் விடை கிடைக்காத வண்டியில் மின் இணைப்புகளைப் பாருங்கள். சென்சார் கனெக்டர்களுக்குள் பச்சைக் களிம்பு ஏறி, எண்கள் தாறுமாறாக வரும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருக்கிறதா என்று அறிய, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும். கம்ப்ரஷன் சோதனையையும் ஒத்திப்போடாதீர்கள். க்ளோ பிளக் துளையில் மீட்டரைப் பொருத்தி அளந்தால் நல்ல இன்ஜினில் 25 பாரை ஒட்டியோ மேலாகவோ வரும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட ஐந்து பாருக்கு மேல் குறைந்திருந்தால், காற்றுப் பக்கம் எவ்வளவு செலவழித்தாலும் பயன் குறைவு. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அந்தக் கவலை உங்களுக்கு இருக்காது என்று கருதுகிறேன்.

டேங்கில் ஊற்றும் மருந்து பாட்டில்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இன்ஜெக்டர் முனையில் படிந்த மெல்லிய படிவுக்கு அவற்றில் சில ஓரளவு உதவலாம். கிழிந்த ஹோஸை எந்தப் பாட்டிலும் ஒட்டாது. கணினியின் டீசல் கணக்கை மாற்றும் சிப் வைத்து சக்தியைக் கூட்டுவதும் இப்போது கூடாது; காற்று போதாத இன்ஜினுக்கு இன்னும் டீசலைத் திணிப்பதுதான் அது.

இத்தனைக்குப் பிறகும் அச்சு முன்பின்னாக ஆடி டர்போதான் கெட்டது என்று உறுதியானால், தாராளமாக மாற்றுங்கள், ஆனால் பழையது ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதை மாட்ட விடாதீர்கள். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சன்னக் குழாயையும் அதன் துளையிட்ட போல்ட்டையும் கழற்றி, கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் குழாயையே புதிதாகப் போட வேண்டும். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அதே நாளில் மாற வேண்டும். பழைய டர்போவின் இறக்கை உடைந்திருந்தால், அதன் துணுக்குகள் இன்டர்கூலரில் கிடக்கும் என்பதால் அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். மாட்டிய பிறகு இன்ஜினை உடனே உறுமவிடாமல், ஸ்டார்ட் ஆகாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுச் சில வினாடிகள் செல்ஃப் அடித்து, புதிய டர்போவின் பேரிங்குக்கு ஆயில் ஏறிய பிறகே இயக்கச் சொல்லுங்கள். இந்த நான்கையும் செய்து தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாத பட்டறையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் என் வண்டியை விட மாட்டேன்.